மாதம்மாக்காவின் கிணறு

நேற்று தர்மபுரியில் எங்கள் தெருவுக்கு வந்த தண்ணீர் லாரியில் பாசி வாசனை அடித்தபோது, எங்கள் ஊரான இண்டூரில் பக்கத்துத் தோட்டத்து மாதம்மாக்காவின் கிணறு நினைவுக்கு வந்தது. ஐப்பசி மழைக்குப் பிறகு குனிந்தால் கைக்கு எட்டும் அந்தத் தண்ணீரில், அக்கா என் முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டி இறக்கிவிட, தலைக்கு மேல் தூக்கணாங்குருவிகள் கத்த, சுற்றுச்சுவரில் வெயில் நெளிந்து ஆட, பள்ளி விட்டதும் பொழுது சாயும்வரை அங்கேயே கிடப்பேன்.

பிறகு மழை தவறத் தொடங்கியது. பெய்தாலும் ஒரே நாளில் கொட்டிவிட்டு, மாதக்கணக்கில் வெயில்தான். அப்பா இரு தோட்டங்களுக்கும் நடுவிலிருந்த வரப்போரமாக ஆழமாய்ப் போர் போட்டார். அடுத்த கோடையில் அக்காவின் கிணற்றில் பாறை தெரிந்தது.

ஒரு மத்தியானம் அக்கா குடத்தோடு எங்கள் வாசலுக்கு வந்தார்.

"கண்ணு, ஒரே ஒரு குடம் புடிச்சிக்கட்டுமா? காலையிலருந்து மாடு தவிக்குது."

யாருக்கும் தரக் கூடாது என்று அப்பா சொல்லியிருந்தார். ஆனால் அன்று அப்பா வீட்டில் இல்லை. கொடுத்திருந்தால் அவருக்குத் தெரிந்திருக்காது.

"கரண்ட் இல்லீங்க்கா" என்றேன்.

தோட்டத்தில் மோட்டார் ஓடும் சத்தம் இருவருக்கும் கேட்டது.

"செரி கண்ணு. வெயில்ல நிக்காத, வூட்டுக்குள்ள போ" என்று சொல்லி, காலிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அக்கா திரும்பி நடந்தார்.

அந்த ஆண்டே மாடுகளை விற்றுவிட்டு, அவர்கள் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனார்கள். கிணற்றை மண் கொட்டி மூடிவிட்டார்கள். எங்கள் போரும் வற்றிவிட்டது. ஊருக்குப் போகும்போதெல்லாம் அந்த வரப்பைத் தவிர்த்து, ஏரிக்கரை வழியாகச் சுற்றியே எங்கள் வீட்டுக்குப் போகிறேன்.