பால் டாக்டரின் தினசரி நோயாளி

அந்தக் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் அவளுக்குப் பெயரே பால் டாக்டர். பிள்ளை பெற்றவர்களை வரிசையாக உட்காரவைத்துத் தாய்ப்பாலின் அருமை பெருமைகளைத் தொண்டை வறள எடுத்துச் சொல்வதுதான் உத்தியோகம். "குழந்தை கேக்கும்போதெல்லாம் குடுங்க. நேரம் காலம் பார்க்காதீங்க" என்பாள். அவள் பெற்ற நாலு மாதப் பெண் குழந்தை அந்நேரம் வீட்டில் மாமனார் மடியில் புட்டிப்பால் குடித்துக்கொண்டிருக்கும்.

பால் நாளுக்கு நாள் குறைந்துவந்தது. பிள்ளையும் புட்டியின் சுகம் கண்டுகொண்டது. மாலையில் மார்போடு அணைத்தால், நீ யாரோ எவரோ என்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டது. இப்படியே போனால் அடியோடு வற்றிவிடும் என்று அவளுக்குத் தெரியும். அதைத்தானே படித்துப் பட்டம் வாங்கியிருக்கிறாள்!

தலைமை டாக்டரிடம் போய் நின்றாள். நடுப்பகலில் இருபது நிமிடம் போதும், பாலூட்டும் அறையில் ஊட்டிவிட்டு வந்துவிடுகிறேன் என்று கேட்டாள். அவரும் இரண்டு பெற்றவர்தானே, புரிந்துகொள்வார் என்று நம்பியது இவளுடைய அசட்டுத்தனம்.

"நாங்கள்லாம் பெத்துக்கலையா? இப்படியா வந்து நின்னோம்? அந்த ரூம் நோயாளிங்களுக்கு, ஸ்டாஃபுக்கு இல்ல. பம்பு வச்சுப் பாலை எடுத்துக்கோங்க."

பம்பு வைக்க ஆஸ்பத்திரி மனமுவந்து ஒதுக்கிய இடம் கழிப்பறை. சுத்தம் முக்கியம் என்று தாய்மார்களுக்கு வகுப்பெடுத்த கையோடு, ஃபினாயில் நெடியில் போய் உட்கார வேண்டும். பாதியில் யாராவது அவசரமாகக் கதவைத் தட்டுவார்கள்.

அன்று வீட்டுக்கு வந்து ஓவென்று அழுதாள். மாமனார் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்தச் சட்டத்தின் எந்த ஓட்டையில் யார் நுழைவார்கள் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி.

"இதுக்குப் போய் அழுவாங்களாம்மா? நோயாளிக்குத்தான் ரூம்னா, நம்ம பாப்பாவை நோயாளியாக்கிட்டாப் போச்சு!"

மறுநாள் டோக்கன் வாங்கி, பேத்தியோடு வரிசையில் உட்கார்ந்துவிட்டார். நர்ஸ் கூப்பிட்டாள்.

"குழந்தைக்கு என்னங்க?"

"அம்மாகிட்ட பால் குடிக்க மாட்டேங்குதும்மா."

"அம்மா வரலையா?"

"வந்திருக்காங்க" என்றாள் பால் டாக்டர், கழுத்திலிருந்த ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றி மேசையில் வைத்தபடி.

பால் குடிக்காத குழந்தை வந்தால், அது தாயிடம் முழுதாகக் குடிப்பதை டாக்டர் கூடவே இருந்து பார்க்க வேண்டும் என்பது அங்கே விதி. டாக்டர் மிகுந்த கடமையுணர்ச்சியோடு பாலூட்டும் அறைக்குள் போனாள். பிள்ளை வீறிட்டு அழுதது. வகுப்பில் சொல்வதில் ஒன்றுகூட அவளுக்கு நினைவுக்கு வரவில்லை. கண்ணே மணியே என்று கெஞ்சினாள். அன்று நடக்கவில்லை, மறுநாளும் நடக்கவில்லை. அந்த வாரக் கடைசியில் ஒருநாள் பிள்ளை வாயை வைத்தது, வைத்த வாயை எடுக்கவில்லை. சந்தோஷத்தில் அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

விஷயம் கசிந்தது. மயக்க மருந்து டாக்டரின் பிள்ளைக்கும் எக்ஸ்ரே டாக்டரின் பிள்ளைக்கும் திடீரென்று அதே வியாதி கண்டது. இரண்டு அப்பாக்கள் டோக்கனும் கையுமாக வரிசையில் நின்றார்கள். டாக்டர் வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் பரவும் இந்தத் தொற்றுநோயை விசாரிக்கத் தலைமை டாக்டரே ஒருநாள் நேரில் வந்தார். அறைக்கதவைத் திறந்தவருக்கு முகம் சிவந்தது.

"என்ன நாடகம் இது? நாளைலேருந்து இந்தக் குழந்தை இங்க வரக் கூடாது!"

வேலை போய்விடுமோ என்று அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. மடியில் பிள்ளை மடக்மடக்கென்று குடித்துக்கொண்டிருந்தது.

"சரிங்க மேடம். ஆனா இவ நம்ம நோயாளி. பாதியில நிறுத்தறதா இருந்தா எழுதித் தரணும் இல்லையா? 'தாய்ப்பாலை நிறுத்தவும்'னு கேஸ் ஷீட்ல எழுதி, கீழ ஒரு கையெழுத்து போட்டுடுங்க."

கேஸ் ஷீட் பக்கத்து மேசையில்தான் இருந்தது. தலைமை டாக்டர் விறுவிறுவென்று பேனாவை எடுத்து மூடியைத் திறந்தார். வாசலில் நர்ஸும் அந்த இரண்டு அப்பாக்களும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பேனா காகிதத்துக்கு மேலே நின்றது நின்றபடி இருந்தது. கடைசியில் மூடியைப் போட்டுக் கோட்டுப் பையில் செருகிக்கொண்டார்.

"போறப்ப கதவைச் சாத்திட்டுப் போங்க மேடம்," என்றாள் பால் டாக்டர். "சத்தம் கேட்டா குடிக்கிறதை விட்டுடுவா."