சுமனா அன்ரியின் அலுமாரி

துபாயில், நாசிகளின் இன அழிப்பில் கொல்லப்பட்ட யூதர்களின் நினைவாக அமைந்த சிறிய அருங்காட்சியகத்துக்கு மகளோடு போயிருந்தேன். ஒரு குடும்பம் ஒளிந்திருந்த மர அலுமாரியின் படத்தைப் பார்த்ததும் எனக்கு அந்துருண்டை மணத்தது.

அப்போது எனக்கு ஏழு வயது. கொழும்பில் சிங்களக் கும்பல்கள் தமிழர் வீடுகளை எரித்துக்கொண்டு வந்தன. அப்பா ஊருக்குப் போயிருந்தார். பக்கத்து வீட்டுச் சுமனா அன்ரி சிங்களவர், பள்ளிக்கூட ரீச்சர். அம்மாவையும் என்னையும் கைக்குழந்தையான தம்பியையும் தன் அலுமாரிக்குள் விட்டுப் பூட்டினார். அவருடைய சேலைகளில் அந்துருண்டையும் பவுடரும் மணத்தன. தம்பி அழாமலிருக்க அம்மா அவன் வாயில் விரலை வைத்திருந்தார்.

வாசல் கேற் உடையும் சத்தம் கேட்டது. "தமிழாக்கள் எங்க?" என்று ஒருவன் சிங்களத்தில் கத்தினான்.

எப்போதும் மெல்லப் பேசும் அன்ரியின் குரல் அன்றைக்குத் தெருவுக்கே கேட்டது. "என்னை வெட்டிப்போட்டு உள்ள போ! உனக்கு எழுத்துச் சொல்லித்தந்த ரீச்சரை வெட்டினனான் எண்டு உன்ர அம்மாட்டப் போய்ச் சொல்லு!"

பிறகு காலடிகள் விலகிப் போயின. அலுமாரியைத் திறந்தபோது அன்ரியின் முகம் சிரித்தது. "போயிட்டாங்கள்!"

அருங்காட்சியகத்தை விட்டு வெளியேறும்போது, வந்தவர்கள் எழுதும் ஏட்டில் சுமனா அன்ரியின் பெயரை எழுதி, அதன் கீழே, "மூன்று பேரும் உயிரோடு இருக்கிறோம்" என்று எழுதினேன்.

மகள் பேனையை வாங்கினாள்.

"அப்ப நானும்தானே, அம்மா?"

மூன்றை வெட்டி, நான்கு என்று திருத்தினாள்.