கண்மாய்க்குள் நின்ற மக்காச்சோளம்

நிலக்கோட்டைப் பக்கம் ஒரு பெரிய கண்மாய் நிறையப் போகிறது என்று நண்பர் வீடியோ அனுப்பினார். ததும்பி நிற்கும் தண்ணீரைப் பார்த்தால் எனக்குக் கால் தரையில் நிற்காது. இந்தக் கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பிவிட்டேன். திண்டுக்கல் பேருந்து நிலையத்திலிருந்து நிலக்கோட்டைக்கு ஒரு மணி நேரம். அங்கிருந்து ஆறு கிலோமீட்டர் ஆட்டோ. இருநூறு கேட்பார்கள், பேசினால் நூற்றைம்பதுக்கு வருவார்கள்.

கரையேறியதும் வாயடைத்துப் போனேன். மேற்கே கொடைக்கானல் மலை. அதன் அடிவாரத்து ஓடைகள்தாம் இங்கே தண்ணீர் கொண்டுவருகின்றன. கிழக்கே ஒன்றரைக் கிலோமீட்டருக்கு வளைந்து கிடக்கிறது மண்கரை. எந்த ராஜா கட்டியது என்று ஆட்டோக்காரரைக் கேட்டேன். "ராஜாவா? மண்ணு சொமந்தது பூரா எங்க பாட்டன் பூட்டன்தாண்ணே" என்று முறைத்தார். நிறைந்தால் மிச்சத் தண்ணீர் தெற்கு மூலையில் உள்ள கலிங்கு என்ற கல் தடுப்பின் மேல் வழிந்து கீழ்க்கண்மாய்க்குப் போகும். அதற்கு மறுகால் போவது என்று பெயர். ஆறு வருடமாகப் போகவில்லையாம்.

பேசிக்கொண்டிருக்கும்போதே தண்ணீருக்கு நடுவே இரண்டு தலைகளைப் பார்த்தேன். அதில் ஒன்று முங்கியது. எழவில்லை. "ஐயோ, ஆள் முங்குது!" என்று கத்திக்கொண்டு செருப்போடு இறங்கினேன். கழுத்தளவு போனதும் ஏதோ சுருக்கென்று அறுத்தது. மக்காச்சோளத் தோகை! என்னைச் சுற்றித் தண்ணீருக்கடியில் ஒரு வயலே நின்றது. முங்கிய பெண் இரண்டு கையிலும் கதிரோடு எழுந்து, "முங்கலண்ணே, கருது ஒடிக்கிறோம்" என்றார்.

அவர் முத்துலட்சுமி. பக்கத்தில் அவர் கணவர் பாண்டி, கண்மாயின் மடையைத் திறந்து மூடுகிறவர். அந்த வேலைக்கு ஊரில் சம்பளம் கிடையாது. கண்மாய் நிறைந்தால் அறுவடையில் நெல் கொடுப்பார்கள். காய்ந்து கிடந்தால் உள்ளே விதைத்துக்கொள்ளலாம். இந்த வருடமும் நிறையாது என்று நம்பி விதைத்திருக்கிறார்கள்.

பாண்டியின் இடுப்பில் மடைச் சாவி தொங்கியது. எனக்குப் பொறுக்கவில்லை. "சாவி உங்ககிட்டயே இருக்கே! கொஞ்சம் திறந்து விட்டிருக்கலாமே?"

அவர் அடுத்த கதிரை ஒடிக்க முங்கினார். முத்துலட்சுமிதான் வெடித்தார். "நானும் அதத்தாண்ணே கேட்டேன். பத்து நாளு பொறுத்தா கருது முத்திரும்னேன். தொறந்தா தண்ணி வீணா ஓடிரும், மறுகா போகாது, கீழக்கம்மாக்காரங்க மூஞ்சில எப்புடி முழிக்கிறதுங்கிறாரு. நேத்துலருந்து இவருகூட நான் பேசல."

மத்தியானம் கலிங்கிலிருந்து சத்தம் வந்தது. "மறுகா போகுது!" மேளம் அடித்தது. ஆனால் ஒரு பெண்ணும் குலவையிடவில்லை. முதல் குலவை மடைக்காரர் வீட்டுப் பெண்ணுடையதாம். அவர் வாய் திறக்காமல் வேறு யாரும் குலவையிடக் கூடாது. கீழ்க்கண்மாய்ப் பெண்கள் மல்லிகைப் பூவோடு முத்துலட்சுமியையே பார்த்து நின்றார்கள். போக மாட்டார் என்றே நினைத்தேன்.

ஈரச் சேலையோடு போனார். பூவை வாங்கித் தண்ணீரில் வீசினார். குலவையிட்டார். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. கூட்டம் ஆர்ப்பரித்து முடிவதற்குள் அந்தப் பெண்களைப் பார்த்துத் திரும்பினார்.

"ஏன்டி, பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? எஞ் சோளத்து மேல ஏறித்தான் ஒங்களுக்குத் தண்ணி வருது. எறங்கி ஒடிங்கடி!"

அத்தனை பேரும் சேலையைச் செருகிக்கொண்டு இறங்கினார்கள். நானும் இறங்கினேன்.

போகிறவர்கள் மாற்றுத்துணி எடுத்துக்கொள்ளுங்கள். கலிங்கின் பக்கம் குளிக்காதீர்கள், இழுப்பு பயங்கரம். ஐந்தரைக்கு மேல் ஆட்டோ கிடைக்காது. எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை. இருட்டும்வரை ஒடித்தும் பாதிகூடக் கரையேறவில்லை. மிச்சக் கதிர், ஊரே கொண்டாடிய அந்தத் தண்ணீருக்குள்தான் நிற்கிறது.