இடது கை வீசாத நடை

அன்று மொட்டைமாடியில் இருந்தவர்கள் ஐந்து பேர். அப்பா, நான், ஞாயிற்றுக்கிழமைக்காகப் பட்டான்செருவிலிருந்து வந்திருந்த அக்கா, அக்காவின் எட்டு வயது மகள், தண்ணீர்த் தொட்டியில் வால்வு மாற்ற வந்த பிளம்பர். ஆள் கணக்கை இவ்வளவு கறாராகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அப்பா மாடியின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக ஏழெட்டு முறை நடந்தார். மற்ற நாலு பேரும் கைவேலையை விட்டுவிட்டு அவர் நடப்பதையே பார்த்துக்கொண்டிருந்தோம். அதில் ஒருவன், அதாவது நான், செல்போனில் படமும் பிடித்தான். இருந்தும் ஒருவர் கண்ணிலும் அது படவில்லை.

நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவன். பரீட்சை என்றால் பயம். ஒரு கட்டத்தில் பயம் மட்டும்தான் இருந்தது, பள்ளிக்கூடம் இல்லை. தெலுங்கும் இந்தியும் கலந்து பேசுகிற இந்த ஊரில், திருமுல்கேரியில் ஒரு பிளெக்ஸ் கடையில் வேலை. பிறந்தநாள் பேனர், கட்சி பேனர், கண்ணீர் அஞ்சலி பேனர் எல்லாம் வடிவமைப்பேன். அங்கே கற்ற கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு வீட்டில் அனிமேஷன் பழகினேன். தமிழில் ஒரு வலைப்பூவும் உண்டு. வீடியோ கேம், அனிமேஷன், வீட்டு பட்ஜெட் என்று மூன்றையும் ஒரே இடத்தில் எழுதுவேன். மொத்தம் நாற்பது பேர் படிப்பார்கள் என்று வையுங்கள். பட்ஜெட் பதிவுகளுக்குத்தான் கொஞ்சம் மரியாதை. சம்பளம் வந்ததும் வாடகை, மளிகை, கரண்ட் என்று பிரித்துவிட்டுக் கடைசியில் 'என்ன ஆகுமோ' என்று ஒரு தலைப்பில் கொஞ்சம் ஒதுக்குவேன். என் குணத்தை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

விளையாட்டில் எனக்கு ஜெயிப்பது பெரிதில்லை. அதில் ஆள் எப்படி நடக்கிறான் என்று பார்ப்பேன். விசைகளிலிருந்து நம் கையை எடுத்துவிட்டால் அவன் சும்மா நிற்கும்போதுகூட மார்பு ஏறி இறங்கும். அதையும் எவனோ உட்கார்ந்து வரைந்திருக்கிறான். நாமும் ஒரு சின்ன விளையாட்டு செய்யலாம் என்று ஆசை வந்தது. தண்டவாளத்தைத் தட்டிப் பார்த்துக்கொண்டே போகும் ஒரு ரயில்வேக்காரர், அவ்வளவுதான் கதை. ஒரு நடைக்குப் பன்னிரண்டு படம் போட்டால் போதும், அதையே சுற்றவிட்டால் ஆள் நடந்துகொண்டே இருப்பான். அந்தப் பன்னிரண்டு படத்துக்குத்தான் அப்பாவை மாடிக்குக் கூட்டிப்போனேன். அவர் ரயில்வே பட்டறையில் முப்பத்தைந்து வருஷம் பிட்டராக இருந்தவர். ஓய்வுக்குப் பிறகு குவார்ட்டர்ஸைக் காலிசெய்துவிட்டு, அதே மெட்டுகுடாவில் இரண்டு தெரு தள்ளி வாடகைக்கு வந்தோம். பூர்விகம் ஆர்க்காட்டுப் பக்கம். அதனால் நாங்கள் அவரை நைனா என்போம்.

"க்யா மியா, ஷூட்டிங் சல்ரா? ஹீரோயின் கிதர்?" ஷூட்டிங் நடக்கிறதா, ஹீரோயின் எங்கே என்று தொட்டிக்குள்ளிருந்து தலையை நீட்டினார் பிளம்பர்.

"ஹீரோயின் நக்கோ. தும் வால்வ் தேக்கோ." ஹீரோயின் வேண்டாம், நீ வால்வைப் பார் என்று அவர் மொழியிலேயே விரட்டினார் அப்பா.

"தாத்தா, நவ்வொத்து!" சிரிக்கக் கூடாது என்று பேத்தி தெலுங்கில் உத்தரவு போட்டாள்.

"நைனா, நிமிந்து நட. கூனிக்கினு போற" என்றாள் அக்கா.

"பட்டறையில குனிஞ்ச முதுகு. இப்ப நிமிருன்னா எப்படி நிமிரும்?"

எல்லோரும் சிரித்தோம். வெயில் நன்றாக விழுந்தது, படம் தெளிவாக வந்தது. என் கவலையெல்லாம் போன் சார்ஜ் தீர்ந்துவிடுமோ என்பதும் பிளம்பர் எவ்வளவு கேட்பாரோ என்பதும்தான்.

படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, உள்ளதை உள்ளபடி வரைந்தேன். பத்து நாள் வேலை. ஒலியும் இருந்தது, இடது செருப்பு மட்டும் தரையில் சரக்கென்று இழுத்தது. செருப்பு தேய்ந்துவிட்டது என்று நினைத்து, அந்த மாத 'என்ன ஆகுமோ'விலிருந்து நூற்றெண்பது ரூபாய் எடுத்து அப்பாவுக்குப் புதுச் செருப்பு வாங்கினேன். "இருக்கிறது நல்லாத்தானே கீது. தண்டச் செலவு" என்றார். புதுச் செருப்பும் இழுத்தது. புதுசு, கால் பழகவில்லை என்று சொல்லிக்கொண்டேன்.

நடையை வலைப்பூவில் ஏற்றினேன். யார் என்றே தெரியாத, ஆனால் தவறாமல் படிக்கும் ஒரு வாசகர் எழுதினார்: "நண்பா, கோடு சுத்தமாக இருக்கிறது. ஆனால் வலது கை மட்டும்தான் வீசுகிறது. இடது கை மரக்கட்டை மாதிரி தொங்குகிறது. யாரும் அப்படி நடக்க மாட்டார்கள். சரிபார்க்கவும்."

எனக்கு முகம் சுட்டது. படிக்காதவன் என்று கண்டுபிடித்துவிட்டார்களோ என்கிற பயம் எனக்கு எப்போதும் உண்டு. யாராவது தவறு என்றால் அது தவறாகத்தான் இருக்கும். வீடியோவை மறுபடி பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. வலது கை வீச்சை நகலெடுத்துத் திருப்பி, இடது தோளில் ஒட்டினேன். அரை மணி நேர வேலை. ஆள் ஜோராக நடந்தார். 'கை வீச்சில் வந்த பிழையைத் திருத்தியது எப்படி' என்று ஒரு பதிவும் எழுதினேன். நான் எழுதியதிலேயே அதிகம் பேர் படித்தது அதுதான். ஒருவர் "பிரமாதம், உயிர் வந்துவிட்டது" என்று எழுதியிருந்தார்.

அந்தப் பாராட்டில் தலை கொஞ்சம் கிறுகிறுத்தது. திரையிலேயே நேராக வரைகிற பலகை ஒன்று வேண்டுமென்று தோன்றியது. பதினெட்டாயிரம். என் கணக்கில் எந்தத் தலைப்பிலும் அவ்வளவு பணம் இல்லை. அப்பாவிடம் கேட்டேன்.

"சும்மாத் தர மாட்டேன். கடன். மாசம் ஐந்நூறு, கையில குடுக்கணும். போன்ல அனுப்பற வேலையெல்லாம் நக்கோ."

"வட்டி?"

"வட்டிக்கு நீ வரையறதை எனக்குக் காட்டு."

வாங்கினேன். முதல் ஆறேழு மாதம் தவறாமல் ஐந்நூறு ரூபாய்த் தாள் கொடுத்தேன். அவர் வலது கையால் வாங்கிச் சட்டைப்பையில் வைப்பார். பிறகு சட்டை போடுவதைக் குறைத்துக்கொண்டார். தலைவழியாக மாட்டுகிற டி-ஷர்ட்டுகள்தான். வெயிலுக்கு வசதி என்றார். ஒருநாள் பென்ஷன் வேலையாக வங்கிக்குப் போகச் சட்டை போட்டுக்கொண்டு நின்றார். கதவிடுக்கு வழியாகப் பார்த்தேன். இடது கை பொத்தானைப் பிடிக்கிறது, பொத்தான் நழுவுகிறது, மறுபடி பிடிக்கிறது. கட்டை விரல் தனக்குத்தானே எதையோ உருட்டிக்கொண்டிருந்தது.

விளையாட்டில் ஆளுக்கு உயிர் குறைந்தால் திரையின் ஓரம் சிவக்கும்; ஆள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடப்பான்; குழந்தைகூடக் கண்டுகொள்ளும். எங்கள் வீட்டில் எதுவும் சிவக்கவில்லை. அம்மா இருந்திருந்தால் கவனித்திருப்பாள். அவள் போய் ஆறு வருஷமாகிறது.

"நைனா, ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

"வந்துட்டாருடா ஒன்பதாங்கிளாஸ் டாக்டர். போன தபா இன்னா சொன்ன? ஹார்ட் அட்டாக்குன்ன. ஆட்டோவுல அள்ளிக்கினு போன. டாக்டர் இன்னா சொன்னாரு?"

"காஸு. வயித்துல வாயுன்னாரு."

"காஸு! ஆட்டோவுக்கு முந்நூறு. அந்த முந்நூற எந்தத் தலைப்புல எழுதுன?"

அவருடைய இருமலை டி.பி. என்றும், மறதியை வேறொன்று என்றும் பயந்து பலமுறை இழுத்துக்கொண்டு அலைந்தவன் நான். என் பயத்துக்கு வீட்டில் செலாவணி போய்விட்டது. கடைசியில் அக்கா பட்டான்செருவிலிருந்து வந்து, "நீயா வர்றியா, இல்ல உன் மருமகன் ஷிப்ட் முடிஞ்சி வந்து தூக்கினு போகட்டுமா?" என்று கேட்டபிறகுதான் கிளம்பினார்.

டாக்டரம்மா இளவயசு. தெலுங்கும் இந்தியும் கலந்து மெதுவாகப் பேசினார். அப்பாவை வராந்தாவில் நடக்கச் சொன்னார், விரல்களைத் தட்டச் சொன்னார். பிறகு என்னிடம், "இது எப்போதிலிருந்து? பழைய வீடியோ ஏதாவது இருக்கிறதா? கல்யாண வீடியோ, எதுவானாலும் சரி, அவர் நடக்கிற மாதிரி" என்றார்.

"இருக்கு மேடம்" என்று போனை எடுத்தேன். பதற்றத்தில் முதலில் திறந்தது வலைப்பூ. பன்னிரண்டு படமும் சுற்ற ஆரம்பித்தன. ரயில்வேக்காரர் இரண்டு கையையும் வீசிக்கொண்டு நடந்தார். டாக்டர் புருவத்தைச் சுருக்கினார். அப்பா எட்டிப் பார்த்தார்.

"யார்றா இவன்? மிலிட்டிரியா?"

"நீதான் நைனா."

"நானா? நா எப்படா இப்படிக் கைய வீசினு நடந்தேன்?"

அசல் வீடியோவைத் தேடி எடுத்துக் கொடுத்தேன். மாடி, வெயில், பேத்தியின் "நவ்வொத்து", எங்கள் சிரிப்பு. டாக்டர் ஒருமுறைதான் பார்த்தார். விரலால் திரையைத் தொட்டு, "இதோ, இடது கை வீசவே இல்லை. காலும் இழுக்கிறது. அப்போதே இருந்திருக்கிறது" என்றார். பார்க்கின்சன் என்று தாளில் எழுதினார். ஏறக்குறைய ஒரு வருஷம் முந்தைய வீடியோ அது. அதை நான் நாள்கணக்கில் நிறுத்தி நிறுத்திப் பார்த்தவன். அந்தக் கை எந்தப் படத்தில் எங்கே தொங்கியது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.

"அப்பவே வந்திருந்தா, மேடம்?"

"மாத்திரை அப்போதே ஆரம்பித்திருக்கலாம். கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். நோயை நிறுத்த முடியாது. உங்களை நீங்களே அடித்துக்கொள்ள வேண்டாம்."

ஆட்டோவில் வரும்போது அக்கா வெளியே பார்த்து அழுதாள். அப்பா என் முழங்காலைத் தட்டி, "இந்த தபா காஸு இல்லடா. நீ ஜெயிச்ச" என்றார்.

பிறகு ஒரு வாரம் நான் எதையும் வரையவில்லை. அப்புறம் உட்கார்ந்து, ஒட்டிய கையைப் பிய்த்தெடுத்துவிட்டு, முதலில் வரைந்தபடியே இடது கையைத் தொங்கவிட்டு வலைப்பூவில் ஏற்றினேன். காரணம் எழுதவில்லை. மறுநாளே அந்த வாசகர் வந்துவிட்டார்: "நண்பா, பழைய பிழை மறுபடி வந்திருக்கிறது." நாலைந்து விதமாகப் பதில் தட்டச்சு செய்து, எல்லாவற்றையும் அழித்தேன். அவர் மேல் என்ன தப்பு? என்னைவிட நன்றாகப் பார்த்தவர் அவர்தான்.

இடது கைக்குப் பயிற்சி கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். சின்னப் பொருள்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கிண்ணத்தில் போட வேண்டும். அக்கா பட்டாணி கொண்டுவந்து வைத்தாள்.

"பட்டாணி எண்றதுக்கு நா இன்னா எல்.கே.ஜி.யா?" கிண்ணத்தைத் தள்ளிவிட்டார். இரண்டு வாரம் எதையும் தொடவில்லை. விரல் இறுகிக்கொண்டே வந்தது. எனக்குத் தூக்கம் போயிற்று.

அந்த மாதத் தவணையைப் பத்து ரூபாய் நாணயங்களாகக் கொண்டுபோய் அவர் முன்னால் குவித்தேன். இந்த ஊரில் பத்து ரூபாய் நாணயத்தை யாரும் லேசில் வாங்க மாட்டார்கள்; செல்லாது என்பார்கள், வேண்டாம் என்பார்கள். அதனால் கிடைப்பது சுலபம். கடைக்குப் பக்கத்து டீக்காரர் விட்டால் போதுமென்று அள்ளிக் கொடுத்தார்.

"எதுக்குடா இது? ஊர்ல ஒருத்தனும் வாங்காத துட்ட என் தலையில கட்டறியா?"

"கடன் குடுத்தவன் எண்ணி வாங்கணும் நைனா. இடது கையால எண்ணு. இல்லன்னா இந்த மாசம் கட்டுனதாக் கணக்கில்ல."

என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். புரிந்துவிட்டது என்று எனக்குத் தெரியும். இடது கையை மேஜைமேல் தூக்கிவைத்தார். முதல் நாணயம் விரலுக்குள் வர வெகுநேரம் பிடித்தது. எடுத்தார், எண்ணினார், டப்பாவில் போட்டார். பதினாலோ பதினஞ்சோ என்று எண்ணிக்கை தவறினால் கவிழ்த்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பார். என்னை உதவ விடமாட்டார். கடன் விஷயத்தில் பட்டறைக்காரர் கணக்கு கறார்.

இப்போது மாதா மாதம் அப்படித்தான். வேலை பார்த்து வருகிற நாலு காசை நான் பிரித்துவைக்கும்போது, இந்த ஐந்நூறை மட்டும் மொத்தமாகக் கட்டி முடித்துவிட மனசு வருவதில்லை. அதிகமாகக் கட்ட வசதி இருந்த மாதம்கூடக் கட்டவில்லை. அவருக்கு இது தெரியும். போன தடவை எண்ணிக்கொண்டே, "இந்த ரேட்டுல நீ கட்டி முடிக்கற வரைக்கும் நா இருக்கணுமேடா" என்றார், சிரித்துக்கொண்டு. முகத்தில் இப்போது சிரிப்பு பாதிதான் வருகிறது.

"இரேன். யாரு வேணாங்கறா?"

பதிமூன்று தவணை முழுசாக முடிந்திருக்கிறது. பதினாலாவதில் இருபத்தாறு நாணயம்வரை வந்தார். இருபத்தேழாவது விரலிலிருந்து நழுவி விழுந்து, மேஜைக்கடியில் உருண்டு போயிற்று. குனிந்து எடுக்கப் போனேன். "வுடு. கை ஓஞ்சிபோச்சி. மீதி இன்னொரு நாள்" என்று எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார். இன்று நாலாவது நாள். டப்பாவை இன்னும் கேட்கவில்லை. எண்ணாததைக் கட்டியதாக எழுத அவர் சம்மதிக்க மாட்டார்.

பாக்கி, பதினோராயிரத்து இருநூற்று நாற்பது ரூபாய்.