சம்மாந்துறைக் கடப்படியில் ஒரு காவல் வேலை

கல்முனைப் பக்கம் போகிறவர்கள் கடல் பார்க்கப் போவார்கள், இல்லாவிட்டால் மருதமுனையில் கைத்தறிச் சாரன் வாங்கப் போவார்கள். நான் இந்த மார்ச்சில் போனது ஆட்களைத் திருப்பி அனுப்ப. இப்படி ஒரு வேலைக்காக யாராவது கண்டியிலிருந்து பஸ் ஏறியிருப்பார்களா தெரியவில்லை. ஆனால் நோயாளி இருக்கும் வீட்டுக்குப் போகிறவர்களுக்கு இந்தப் பதிவு உதவலாம் என்பதால் எழுதுகிறேன்.

என் மூத்த சகோதரர் நிசாம் நானா சம்மாந்துறையில் கணித ஆசிரியர். அந்தப் பக்கத்தில் கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போக வேண்டும். ஆகவே அவர் இருப்பது மதினியின் வீட்டில். அந்தச் சந்து, ஒழுங்கை என்பார்கள், முழுக்க மதினியின் சொந்தக்காரர்கள். நானாவுக்கு நிணநீர்ச் சுரப்பியில் புற்றுநோய் என்று தெரிந்து சிகிச்சை தொடங்கியிருந்தது. இரண்டாவது முறை மருந்தேற்றி வீட்டுக்கு வந்த அடுத்த வாரம் இரத்தப் பரிசோதனையில் நியூட்ரோபில் செல்கள் ஏறக்குறைய இல்லை என்று வந்துவிட்டது.

வெள்ளை அணுக்கள் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம், அதற்குள் பல வகை உண்டு. ஒரு வகை, முன்பு வந்த கிருமியை ஞாபகம் வைத்துக்கொண்டு அதற்கென்றே எதிர்ப்பொருள் தயாரிக்கும். புதுக் கிருமி என்றால் அதற்கு நாள் எடுக்கும். நியூட்ரோபில் அவ்வளவு மெதுவான ஆள் அல்ல. காலில் முள் குத்தினால் சில மணி நேரத்துக்குள் கூட்டமாக வந்து கிருமிகளை விழுங்கும், பிறகு அங்கேயே செத்தும் போகும். புண்ணில் கட்டும் சீழில் பெரும்பகுதி அவற்றின் பிணங்கள்தான். எலும்பு மச்சையில் இவை ஓயாமல் பெருகிக்கொண்டிருக்க வேண்டும். புற்றுநோய் மருந்தோ வேகமாகப் பெருகும் எதையும் அடிக்கும், நல்லது கெட்டது பார்க்காது.

இந்தச் செல்கள் இல்லாதவருக்குத் தொற்று வந்தாலும் சீழ் கட்டாது, வீக்கம்கூடச் சரியாகத் தெரியாது. காய்ச்சல் மட்டும்தான் சொல்லும். அதையும் கவனிக்காமல் விட்டால் ஒரே நாளில் உயிர் போகலாம். செல்கள் மறுபடி ஏறும்வரை ஒருவரையும் கிட்ட விட வேண்டாம் என்று டொக்டர் சொல்லியிருந்தார். சொல்வது சுலபம். சம்மாந்துறையில் ஒருவர் சுகமில்லை என்றால் பார்க்கப் போகாதவர் பாவி. வருபவர் ஸலாம் சொல்லிக் கையைப் பிடித்து, நெற்றியில் ஓதி ஊதிவிட்டுத்தான் போவார்.

மதினி போனில் அழுதார். "தம்பி, நீங்க வந்து கடப்படியில ஒரு கதிரயப் போட்டு இரிங்க. எனக்குச் சொல்ல ஏலா. நான் மறிச்சா மறுகா எங்கட ஊட்டுக்கு ஒருத்தரும் வரமாட்டாங்க. நீங்க வெளியூராள், உங்களுக்கு ஏசிட்டுப் போயிருவாங்க." ஏச்சு வாங்குவதற்கென்றே ஒரு ஆளைக் கூப்பிடுகிறார் என்பது எனக்கு விளங்கியது. ஓம் என்றேன்.

கண்டியிலிருந்து கல்முனை பஸ்ஸை வெள்ளனவே பிடித்துவிடுங்கள். மஹியங்கனை, பதியத்தலாவ, அம்பாறை வழியாக இருநூறு கிலோமீற்றருக்குக் கொஞ்சம் குறைவு, ஏழு மணித்தியாலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மஹியங்கனைக்கு முன்னால் மலையிலிருந்து பதினெட்டு வளைவில் இறங்கும்போது வயிறு காலியாக இருப்பது நல்லது. இந்தப் பஸ் சம்மாந்துறை வழியாகத்தான் கல்முனைக்குப் போகிறது. நான் தூங்கிவிட்டுக் கல்முனையில் கண் விழித்தேன். அங்கிருந்து திரும்பி வர ஓட்டோவில் எட்டுக் கிலோமீற்றர். விலையைப் பேசிவிட்டு ஏறுங்கள். அறுவடை முடியும் காலம் என்பதால் ரோட்டில் பாதி நெல் காய்ந்தது, மீதிப் பாதியில் டிராக்டர்கள் போயின.

ஏழு மணித்தியாலம் பஸ்ஸில் நெருக்குப்பட்டு வந்த நானும் உள்ளே போகக்கூடாதுதானே! நானாவை ஜன்னல் கம்பிக்கு வெளியே நின்றுதான் பார்த்தேன். தலையில் மயிர் இல்லை, கண் மட்டும் அதே கண். "என்னடா, வோச்சர் வேலை கிடைச்சிட்டாமே?" என்று சிரித்தார். படுக்கப் பக்கத்து வீட்டில் இடம் தந்தார்கள்.

மறுநாள் காலையிலேயே கடப்படியில் கூட்டம். கடப்படி என்றால் மதிலில் விட்ட வாசல். ஒருவர் திராட்சைப்பழம், ஒருவர் செவ்விளநீர், நாலைந்து பேர் எருமைத் தயிர்ச் சட்டி. காய்ச்சாத பாலில் உறைய வைத்த தயிரும் நானாவுக்குக் கூடாது. எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டு ஆட்களை அனுப்பினேன். தயிரை யார் சாப்பிட்டது என்று கேட்காதீர்கள்.

பின்னேரம் லத்தீப் காக்கா வந்தார். மதினியின் பெரியப்பா மகன், அரிசி மில் வைத்திருப்பவர், நானாவோடு தினமும் தேநீர் குடிக்கும் ஆள். மில்லிலிருந்து நேரே வந்ததில் சட்டை, புருவம் எல்லாம் தவிட்டுத் தூசு. அந்தத் தூசில் பூஞ்சணம் இருக்கும், நானாவின் நெஞ்சுக்குள் போனால் விழுங்க ஒரு செல் இல்லை. நான் எழுந்து குறுக்கே நின்றேன்.

"யார் தம்பி நீங்க, எங்கட ஊட்டுக் கடப்படியில நிண்டு எங்களயே மறிக்கிற?"

"காக்கா, அவருக்குச் செல் இல்ல. ஒரு கிழமை பொறுங்க."

"நோயாளியப் பாக்கிறது ஸுன்னத்து, நபி காட்டின வழி. அதத் தடுக்கிறது எந்த ஊரு மார்க்கம்? மையத்தானப் பிறகு வந்து பாக்கச் சொல்றீங்களா?"

மையத்து என்றால் சடலம். ஆனாலும் நான் நகரவில்லை. அவர் மோட்டார் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். மதினி ஜன்னலுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் விடிய எனக்குத் தொண்டை கரகரத்தது. பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் இருமியது ஞாபகம் வந்தது. காவல்காரனே கிருமியோடு நிற்பதில் அர்த்தமில்லை. மதினி கடப்படிக்குக் குறுக்கே கயிறு கட்டினார், நான் ஜன்னலுக்குக்கூடப் போகாமல் பஸ் ஏறினேன்.

பஸ் பதியத்தலாவையில் நின்றபோது மதினி அழைத்தார். நானாவுக்குக் காய்ச்சல் நூற்றியொன்று. நான்தான் கொடுத்துவிட்டேன் என்றே நினைத்தேன். இருப்புக்கொள்ளவில்லை, பஸ்ஸுக்குள் வைத்தே அழுதேன், பக்கத்திலிருந்த சிங்கள அம்மா ஒருவர் தண்ணீர்ப் போத்தலை நீட்டினார். மாலையில் மதினி மீண்டும் பேசினார். காய்ச்சல் தெரிந்ததும் அவர் முதலில் அழைத்தது லத்தீப் காக்காவைத்தானாம். அவர் மில் வேனைக் கழுவிக் கொண்டுவந்து நிறுத்தினாராம். மதினியும் மகனும் நானாவை மாஸ்க்கோடு பின்னால் ஏற்ற, அவர் கண்ணாடிகளை எல்லாம் திறந்துவிட்டு ஓட்டினாராம். ஆஸ்பத்திரியில் போன கையோடு நரம்பில் அன்டிபயோட்டிக் ஏற்றியிருக்கிறார்கள்.

டொக்டர் சொன்ன இன்னொரு விஷயம் என்னை நிமிர வைத்தது. இது அநேகமாக வெளியிலிருந்து வந்ததல்ல, நானாவின் குடலிலேயே சும்மா கிடந்த கிருமி. நமக்குள்ளும் அது இருக்கிறது, அந்தச் செல்கள் அதை அடக்கி வைத்திருப்பதால் நாம் அறிவதில்லை. ஆகவே இப்படி ஒருவர் வீட்டில் இருந்தால் வாசலைக் காப்பதோடு நிறுத்தாதீர்கள். தெர்மோமீட்டரைக் கையருகே வையுங்கள். நூறைத் தாண்டினால் காய்ச்சல் மாத்திரை கொடுத்துப் பார்ப்போம் என்று இருக்க வேண்டாம், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அதற்கு வாகனத்துக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள். பார்க்கப் போக ஆசையென்றால் போனில் கதையுங்கள்.

ஆஸ்பத்திரியில் சேர்த்த நாலாம் நாள் காய்ச்சல் விட்டது, செல்களும் ஏறத் தொடங்கின. அன்று லத்தீப் காக்காவுக்கு அழைத்தேன், மன்னிப்புக் கேட்க. அவர் ஆஸ்பத்திரியில் நிற்பதாகச் சொன்னார்.

"நானாவப் பாத்தீங்களா காக்கா?"

"இல்ல தம்பி. நான் வார்ட்டுக்கு வெளிய வாங்குல குந்திக்கிட்டு இரிக்கன், நாலு நாளா. நம்மட ஊராக்கள் வந்துக்கிட்டே இரிக்காங்க, ஒருத்தரயும் உள்ளுக்கு விடல்ல. எல்லாரும் எனக்கு ஏசிட்டுப் போறாங்க."