இரண்டாவது தடவை கேட்பார்கள் என்று இருந்தேன்

எங்கள் வீட்டில் யாரும் எதையும், வேண்டுமா என்று கேட்டவுடன் வாங்கியதில்லை. இன்னொருவர் வீட்டுக்குப் போனால், "தேத்தண்ணி குடிக்கிறியா?" என்பார்கள். "வேணாக்கா" என்று சொல்ல வேண்டும். மறுபடி கேட்பார்கள். "பரவால்லக்கா, இப்பத்தான் குடிச்சிட்டு வாரேன்" என்று சொல்ல வேண்டும். மூன்றாவது தடவை அவர்களே கொண்டுவந்து கையில் திணிப்பார்கள். அப்போது குடிக்கலாம். சின்ன வயதில் ஒருநாள் பிஸ்கட் தட்டு வந்ததும் கையை நீட்டிவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் அம்மா என் தொடையில் கிள்ளினார் பாருங்கள், அது இன்னும் மறக்கவில்லை. "ஏண்டி ஆலாப் பறக்குற? சோறே காணாத வீட்டுப் பிள்ளன்னு நெனைக்க மாட்டாங்க?"

அந்தப் பாடத்தை நான் ரொம்ப நன்றாகப் படித்துவிட்டேன். எவ்வளவு நன்றாக என்றால், வெளிநாட்டில் படிக்கக் கிடைத்த வாய்ப்பை என் வாயாலேயே வேண்டாம் என்று சொல்லும் அளவுக்கு.

அப்போது ஈப்போவை ஒட்டிய ஜெலாப்பாங்கில் ஒரு ரப்பர் கையுறைத் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலையில் இருந்தேன். கையுறைக்குள் தண்ணீரை ஊற்றித் தொங்கவிட்டு, எங்கேயாவது ஒழுகுகிறதா என்று பார்க்க வேண்டும். "படிச்சு பட்டம் வாங்குனது தண்ணி ஊத்தவா?" என்று எங்கள் பக்கத்து ஆட்கள் கிண்டலடிப்பார்கள். சொல்லட்டுமே. அப்பா தோட்டத்தில் பால்மரம் சீவியவர், நான் அந்தப் பாலில் செய்த கையுறையைப் பார்க்கிறேன், இதில் என்ன குறைச்சல்? எனக்கு வேறொரு அரிப்பு இருந்தது. ஒரு கையுறை ஏன் கிழிகிறது, பக்கத்தில் தொங்குவது ஏன் கிழியவில்லை என்று தெரிந்தே ஆகவேண்டும். மேற்பார்வையாளரிடம் கேட்டால், "கிழிஞ்சத வீசு, அடுத்தத எடுலா" என்பார்.

அதனால்தான் ஐரோப்பாவில் ரப்பரைப் பற்றி மேற்படிப்பு படிக்க ஓர் உதவித்தொகைக்கு விண்ணப்பித்தேன். படிப்பு, சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் அவர்கள் பொறுப்பு. ஒரே சிக்கல், என் பட்டம் உயிரியலில். வேதியியல் போதாதவர்கள் முதலில் ஒரு பருவம் ஆயத்த வகுப்பு படிக்க வேண்டும். அந்தச் செலவும் அவர்களுடையதுதான். அந்த வகுப்பு கிடைக்காவிட்டால் எனக்கு அங்கே இடமே கிடையாது. விஷயத்தைச் சொன்னதும் அம்மா, "ஐரோப்பாவா? உன்ன தஞ்சோங் ரம்புத்தான் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்பணும்" என்றார். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமையே கோயிலில் மாதா முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தார்.

நேர்காணல் இணையம் வழியாக. நாங்கள் இருக்கும் பழைய தோட்டத்துப் பக்கம் மழை தூறினாலே லைன் போய்விடும். ஈப்போவில் எனக்குப் பழக்கமான சாப்பாட்டுக் கடைக்காரர் ஒருவர், தமிழ் முஸ்லிம் அண்ணன், மாடியில் அரிசி மூட்டை அடுக்கியிருக்கும் அறையை எனக்கு ஒழித்துக் கொடுத்தார். "நீ தைரியமா பேசு தங்கச்சி. மேல ஒருத்தனும் வராம நான் பாத்துக்கிறேன்லா."

திரையில் மூன்று பேர். நடுவில் இருந்த நரைத்த தலை அம்மையார்தான் தலைவர். கையுறை ஏன் கிழிகிறது என்று நான் ஆரம்பித்ததும் அவர் கன்னத்தில் கைவைத்துக் கேட்டார். எனக்கு வாய் ஓயவே இல்லை. கடைசியில் அவர் சொன்னார்: "உங்களுக்கு ஆயத்த வகுப்பு ஏற்பாடு செய்ய முடியும். உங்களுக்கு அது வேண்டுமா?"

நான் நல்ல பிள்ளையாகச் சிரித்துக்கொண்டே ஆங்கிலத்தில் சொன்னேன்: "இல்லை இல்லை, பரவாயில்லை. உங்களுக்கு எதற்குச் சிரமம்?"

அவர் தலையாட்டிவிட்டு ஏதோ எழுதிக்கொண்டார். நான் சிரித்த முகம் மாறாமல் காத்திருந்தேன். இப்போது மறுபடி கேட்பார், இதோ கேட்பார். அவர் நன்றி சொன்னார், விடைபெற்றார். திரை இருண்டுவிட்டது. அடிப்பாவி, என்ன காரியம் செய்தாய் என்று அப்போதுதான் உறைத்தது.

கீழே இறங்கி வந்தேன். அண்ணன் என் முகத்தைப் பார்த்தார். "மீ கோரேங் சாப்பிடுறியா?" என்றார். வேண்டாம் என்றேன். அவர் காதிலேயே வாங்காமல் தட்டைக் கொண்டுவந்து வைத்தார். அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

வீட்டில் நடந்ததைச் சொன்னேன். அம்மாவுக்கு ஒரே பெருமை. "நல்லாத்தானே சொல்லியிருக்க? திரும்பக் கேப்பாங்க."

"கேக்க மாட்டாங்கம்மா! அவங்க ஊர்ல வேணாம்னா வேணாம்தான்!"

"அப்படியா? அப்ப பசியோட வர்றவங்க என்ன பண்ணுவாங்க, பாவம்?"

எனக்கு வந்ததே கோபம். "பசிக்குதுன்னு வாயத் தொறந்து சொல்லுவாங்க! எல்லாம் நீங்க சொல்லிக் குடுத்ததுதான். கிள்ளிக் கிள்ளிச் சொல்லிக் குடுத்தீங்கல்ல!" என்று கத்தினேன். எப்போதும் ஒன்றுக்கு இரண்டாகத் திருப்பிக் கொடுக்கும் அம்மா அன்றைக்குச் சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"தோட்டத்த மூடுனப்ப ஆபீஸ்ல கணக்கெழுதுற கிராணி உங்கப்பாகிட்ட கேட்டாரு. ஸ்டோர்ல ஒரு வேல இருக்கு, பாக்குறியான்னு. இவரு, வேணாங்கய்யா, வேற யாருக்காச்சும் குடுங்கன்னாரு. திரும்பக் கேப்பாருன்னு அங்கயே நின்னாரு. கிராணி அடுத்த ஆளக் கூப்பிட்டுட்டாரு."

அப்பா சாகும்வரை யார் யாருடைய கேட்டிலோ காவல்காரராக நின்றது எனக்குத் தெரியும். இது தெரியாது.

"நானாச்சும் போயி கேட்டிருக்கலாம். வெக்கப்பட்டுக்கிட்டு உக்காந்துட்டேன்" என்றார் அம்மா. "நீ உக்காராத. இப்பவே எழுது."

அம்மா பக்கத்தில் இருக்கவே எழுதினேன். எங்கள் ஊரில் எதையும் மூன்று தடவை கேட்பார்கள், முதல் இரண்டு தடவை வேண்டாம் என்று சொல்வது மரியாதை, நான் சொன்னது அந்த வேண்டாம், எனக்கு அந்த வகுப்பு கட்டாயம் வேண்டும் என்று. அனுப்பிவிட்டு, பைத்தியம் என்று நினைத்துவிடுவார்களோ என்று பயந்து செத்தேன். வேலையில் ஒழுகும் கையுறைகூடக் கண்ணில் படவில்லை.

மறுபடி பேச வேண்டும் என்று பதில் வந்தது. எதற்கு என்று சொல்லவில்லை. இந்தத் தடவை அம்மாவும் கூடவே வந்துவிட்டார். கோயிலுக்குக் கட்டும் சேலையைக் கட்டிக்கொண்டு, திரையில் தெரியாதபடி என் பக்கத்தில் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்தார்.

அந்த அம்மையார் சிரிக்கவே இல்லை. "உங்கள் கடிதத்தை நாங்கள் மூவரும் படித்தோம். ஆகவே மறுபடி கேட்கிறேன். உதவித்தொகையை உங்களுக்குத் தருவதாக முடிவு செய்திருக்கிறோம், ஆயத்த வகுப்போடு சேர்த்து. வேண்டுமா?"

சத்தியமாகச் சொல்கிறேன், என் வாய் மறுபடி 'இல்லை இல்லை' என்று ஆரம்பிக்கத்தான் போனது. இரண்டாவது தடவைதானே கேட்கிறார்! தொடையில் சுரீர் என்றது. அதே விரல்கள், அதே இடம். "வேணும்னு சொல்லுடி!"

"வேணும்!" என்று தமிழிலேயே கத்திவிட்டேன். பிறகுதான் ஆங்கிலம் வந்தது. கண்ணீரும் வந்தது, துடைக்கக்கூடத் தோன்றவில்லை.

பக்கத்தில் யார் என்று அம்மையார் கேட்டார். கணினியை அம்மா பக்கம் திருப்பினேன். அம்மா சேலையைச் சரிசெய்துகொண்டார். "மகள் இங்கே வந்த பிறகு நீங்களும் ஒருமுறை வந்து பார்க்க வேண்டும்" என்றார் அம்மையார்.

"நோ நோ, நெவர் மைண்ட்" என்றார் அம்மா, பட்டென்று.

அம்மையார் இப்போது வாய்விட்டுச் சிரித்தார். மறுபடியும் கூப்பிட்டார். அம்மா அதற்கும் தலையை ஆட்டி மறுத்துவிட்டு, பேசாமல் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். அம்மையார் மூன்றாவது தடவையும் கேட்டார்.

"ஓகே, கம்" என்றார் அம்மா. பிறகு என் காதோரம் குனிந்து, "பாஸ்போர்ட் எடுக்க எங்கடி போகணும்?" என்றார்.