எஞ்சின் ஆறட்டும்

பேச்சுக்கு முன்னால் உள்ளங்கை போகும். விற்பவர் கிலோமீட்டர் கணக்கை ஆரம்பிக்கும்போதே பம்ப் அக்கா பானெட்டின் மேல் கையை வைத்துவிடுவார், ஜுரம் பார்ப்பது போல. சூடாக இருந்தால் மேற்கொண்டு எதையும் தொட மாட்டார். "சூடா இருக்கிறப்ப எல்லா டீசல் எஞ்சினும் நல்ல பிள்ளைதான். ஆறினப்புறம் எழுப்பிப் பாத்தாத்தான் யோக்கியதை தெரியும்."

இருபத்தாறு வருடமாக டீசல் பம்பும் இன்ஜெக்டரும் பிரித்துப் பூட்டுகிற கை அது. உட்கார வைத்து யாரும் சொல்லித் தரவில்லை. கெட்டுப்போன பம்புகளைப் பிரித்து, பூட்டத் தெரியாமல் முழித்து, மறுபடி பிரித்துக் கற்றது. பழைய கார் வாங்குகிறவர்கள் அவரைக் கையோடு கூட்டிப்போகிறார்கள். 'நல்ல வண்டி' என்று அவர் வாயால் ஒருவரும் கேட்டதில்லை. பிடித்தால் பானெட்டைத் தானே மூடுவார். பிடிக்காவிட்டால் அதைத் திறந்தது திறந்தபடி விட்டுவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு நடப்பார்.

போன வாரம் கொழுந்தனுக்காக ஒரு தையற்காரரின் காரைப் பார்க்கப் போனார். கொழுந்தன் வேலையை விட்டாயிற்று. இனி வாடகைக்கு ஓட்டித்தான் பிழைப்பு. வண்டி படுத்தால் வீட்டில் அடுப்பும் படுக்கும். அவனோ வந்ததுமே வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

"அண்ணி, கலரைப் பாருங்களேன்!"

"மேட்டுல கலரா இழுக்கப்போவுது? தள்ளி நில்லுடா."

பானெட் ஜில்லென்று இருந்தது. ஆனால் விளிம்பில் நீர் சொட்டியது. அக்கா பானெட்டைத் தூக்கி, ரேடியேட்டர் குழாயைப் பிடித்தார். சுட்டது.

"மேல குளிப்பாட்டிட்டீங்க. உள்ள ஜுரம் அடிக்குதே, ஐயா?"

"இல்லம்மா... சும்மா கடைத்தெரு வரைக்கும்..." தையற்காரர் சட்டை நுனியால் பானெட்டின் ஈரத்தைத் துடைத்தார்.

"ஆறட்டும். நீங்க போய்த் தைங்க. நான் உக்காந்திருக்கேன்."

கொழுந்தன் அவர் காதருகே குனிந்தான். "ஏமாத்துக்காரன், அண்ணி. கிளம்பிடலாம்."

"ஆளையா பாக்க வந்தோம்? எஞ்சினைப் பாக்க வந்தோம்."

நான்கு மணி நேரம். உள்ளே தையற்காரர் ஒரே காலரை மூன்று தடவை தைத்துப் பிரித்தார். வெளியே அக்கா அவ்வப்போது எழுந்து குழாயைத் தொட்டுப் பார்த்துவிட்டு, மறுபடி ஸ்டூலில் உட்கார்ந்தார்.

குழாய் நன்றாகக் குளிர்ந்த பிறகுதான் சாவியைப் போடச் சொன்னார். திருகியதும் எஞ்சின் பிடித்துக்கொண்டது. பின்னால் போய்க் குனிந்தார். ஒரு வாய் வெளிர் புகை, அதோடு தெளிந்துவிட்டது. நீலம் இல்லை, ஆயிலைக் குடிக்கவில்லை. முன்னால் வந்து, ஆயில் ஊற்றும் துவாரத்தின் மூடியைக் கழற்றி, அந்தத் துவாரத்தின் மேலேயே தலைகீழாக வைத்தார். தேய்ந்த எஞ்சின் என்றால் அதை உதறித் தள்ளிவிடும். மூடி லேசாக நடுங்கியது. வைத்த இடத்தை விட்டு நகரவில்லை.

அக்காவுக்குப் புரியவில்லை.

"இவ்வளவு சுத்தமான எஞ்சினைச் சூடு பண்ணி, மேல எதுக்கய்யா தண்ணி ஊத்தினீங்க?"

தையற்காரர் கழுத்து டேப்பை இழுத்து விரலில் சுற்றினார். "நீங்க வர்றீங்கன்னு தம்பி போன்ல சொல்லிச்சும்மா. யாருன்னு நாலு பேர்கிட்ட விசாரிச்சேன். நீங்க பானெட்டை மூடாமப் போயிட்டா அப்புறம் அந்த வண்டியை ஒருத்தரும் தொட மாட்டாங்கன்னாங்க. கையும் ஓடல, காலும் ஓடல."

அக்கா எஞ்சினை நிறுத்தச் சொன்னார். ஆயில் மூடியைத் திருகி இறுக்கினார். பானெட்டை இறக்கி, இரண்டு உள்ளங்கைகளாலும் அழுத்தி மூடினார். மூடிய பிறகும் கைகளை எடுக்கக் கொஞ்சம் நேரமானது.